காலடியில் ஒரு கணப்பு

நிலத்தடி வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பை ஒரு வீட்டுக்காரர் தானே கணக்கிட்டு, தானே பதிக்க முடியுமா? பனி கொட்டும் ஊர்களில் இருந்து ஒரு சிறப்புப் பார்வை.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1940-களில் ராபர்ட் வெப்பர் என்றொருவர் இருந்தார். உள்ளூர் மின் நிறுவனத்தில் வேலை. வீட்டு டீப் ஃப்ரீஸரின் குளிரைக் கூட்டிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அதிலிருந்து வெளியே வரும் குழாயில் கை பட்டுச் சுட்டுவிட்டது. உள்ளே உறைபனி, வெளியே கை வைக்க முடியாத சூடு. இந்தச் சூட்டை ஏன் வீணாக்க வேண்டும் என்று குழாயை வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்பினார். தண்ணீர் கொதித்த பிறகும் வெப்பம் மிஞ்சியது. அந்த வெந்நீரை ஒரு சுருள் குழாயில் ஓடவிட்டு, பின்னால் ஒரு சிறு ஃபேனை வைத்து, அறைகளுக்குள் சூடான காற்றைப் பரப்பினார். அடுத்து அவருக்கு எழுந்த கேள்விதான் பெரியது. ஃப்ரீஸருக்குள் இருக்கும் கொஞ்ச வெப்பத்துக்குப் பதிலாக, வீட்டைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே வெப்பத்தை எடுத்தால் என்ன? செப்புக் குழாயை நிலத்தில் புதைத்து, அதற்குள் ஃப்ரியான் வாயுவை ஓடவிட்டார். மறு ஆண்டே நிலக்கரி ஃபர்னஸை விற்றுவிட்டார் என்று இந்தத் துறைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஆக, வீட்டுக்கான நிலத்தடி ஹீட் பம்பின் ஆரம்பகால வரலாற்றிலேயே ஒரு வீட்டுக்காரரின் கைவேலை இருக்கிறது. இன்று அதே வேலையைக் கம்பெனியிடம் ஒப்படைத்தால் வட அமெரிக்காவில் பல பத்தாயிரம் டாலர் கேட்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசு கொடுத்துவந்த 30 சதவீத வரிச்சலுகையும் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. அதனால் 'நாமே செய்துகொள்ள முடியாதா?' என்ற கேள்வி மிச்சிகன், மின்னசோட்டா, ஒன்டாரியோ என்று குளிர் வாட்டும் இடங்களில் எல்லாம் எழுகிறது. டொரண்டோவின் நெரிசலைத் தாண்டி, ஏக்கர் கணக்கில் நிலத்தோடு வீடு வாங்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

முடியும் என்பதே என் பதில். ஆனால் மண்வெட்டியை எடுக்கும் முன் பேப்பரையும் பேனாவையும் எடுக்க வேண்டும். பேஸ்மென்ட்டில் நிற்கும் இயந்திரம் பழுதானால் இன்னொன்று வாங்கி வைத்துவிடலாம். மண்ணுக்குள் போன குழாயை யாரும் திரும்பத் தோண்டி எடுப்பதில்லை. அது முதல் தடவையிலேயே சரியாக இருந்தாக வேண்டும்.

முதலில் அடிப்படை. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை வெயிலில் அதே நீர் சில்லென்று இருக்கும். நீரின் வெப்பம் அவ்வளவாக மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்று. சுமார் 10 மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே எப்போதும் இருக்கும். தெற்கு ஒன்டாரியோவில் அது 8 முதல் 10 டிகிரி. வெளியே மைனஸ் 20 அடிக்கும் இரவிலும் கீழே அதே 8, 10 தான். எரிமலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த ஆழத்தில் இருப்பது பெரும்பாலும் கோடை வெயில் மண்ணில் விட்டுச்சென்ற வெப்பம்.

அந்த 8 டிகிரி மண்ணிலிருந்து 35, 40 டிகிரிக் காற்று எப்படிக் கிடைக்கிறது? ஃப்ரிட்ஜ் செய்யும் வேலைதான். மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாயில் உறையாத நீர் சுற்றி வருகிறது. அது கொண்டுவரும் வெப்பத்தை இயந்திரத்துக்குள் இருக்கும் குளிர்பதன வாயு வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த வாயுவை அழுத்தும்போது சூடு ஏறுகிறது, வீட்டுக் காற்று அதைப் பெற்றுக்கொள்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வரும். மிச்ச இரண்டு, மூன்று யூனிட் மண் கொடுத்தது. இந்த விகிதத்தைத் துறைக்காரர்கள் சி.ஓ.பி. என்பார்கள்.

சென்னையில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். அங்கே நிலத்தடி மண்ணே 28 டிகிரிக்கு மேல் இருக்கும். வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை, குளிரூட்டவும் அந்த மண் பெரிதாக உதவாது. இது பனி ஊர்களின் வித்தை.

வீட்டை அளந்த பிறகே மண்ணை அளக்க வேண்டும்

இந்த வேலையில் மிகப் பெரிய தவறு பழைய ஃபர்னஸின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து ஹீட் பம்பின் அளவை முடிவு செய்வது. வட அமெரிக்க வீடுகளில் ஃபர்னஸ்கள் பெரும்பாலும் தேவையைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக வைக்கப்பட்டிருக்கும். கேஸ் ஃபர்னஸில் அதனால் பெரிய நஷ்டமில்லை. பெரிய ஃபர்னஸுக்கும் சிறியதற்கும் விலை வித்தியாசம் சொற்பம். நிலத்தடி ஹீட் பம்பில் அப்படியில்லை. இயந்திரம் இரண்டு மடங்கானால் குழாயும் பள்ளமும் நிலமும் இரண்டு மடங்காகும்.

சரியான கணக்குக்கு அமெரிக்க ஏ.சி. ஒப்பந்தக்காரர் சங்கம் வெளியிட்ட 'மேனுவல் ஜே' முறை இருக்கிறது. கட்டட அனுமதிக்குப் பல இடங்களில் அதையே கேட்பார்கள். ஆனால் வீட்டுக்காரரிடம் அதைவிட நம்பகமான ஒரு சாட்சி இருக்கிறது: பழைய கேஸ் பில். சுவருக்குள் என்ன இன்சுலேஷன் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, ஜன்னல் இடுக்கில் எவ்வளவு காற்று கசிகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை. அந்த வீடு உண்மையில் எவ்வளவு வெப்பத்தை இழந்தது என்பதை பில் சொல்லிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். தெற்கு ஒன்டாரியோவில் 1,800 சதுர அடி, இரண்டு மாடி. ஆண்டுக்கு 2,400 கன மீட்டர் கேஸ் செலவு. வெந்நீரும் அடுப்பும் 600 கன மீட்டர் எடுத்துக்கொண்டன என்பது கோடை மாத பில்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மிச்சம் 1,800. ஒரு கன மீட்டர் கேஸில் சுமார் 10.4 யூனிட் (கிலோவாட்-மணி) ஆற்றல். ஃபர்னஸின் திறன் 92 சதவீதம் என்றால், வீட்டுக்குள் வந்த வெப்பம் சுமார் 17,200 யூனிட்.

இனி குளிரின் அளவு வேண்டும். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே எத்தனை டிகிரி போனது என்று நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால் வருவது 'ஹீட்டிங் டிகிரி டே'. கனடா வானிலைத் துறை ஒவ்வொரு ஊருக்கும் இதைத் தருகிறது. நம் வீட்டுக்கு அது 3,700 என்று வைத்துக்கொள்வோம். அதை 24 மணியால் பெருக்கினால் 88,800. இப்போது 17,200 யூனிட்டை 88,800-ஆல் வகுத்தால் வருவது சுமார் 194 வாட். வெளியே ஒரு டிகிரி குறையும்போதெல்லாம் இந்த வீட்டுக்குக் கூடுதலாக 194 வாட் வெப்பம் தேவை என்று பொருள். வெளியே மைனஸ் 20, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 41 டிகிரி. பெருக்கினால் சுமார் 8 கிலோவாட்.

இந்த வீட்டின் பேஸ்மென்ட்டில் 60,000 பி.டி.யு. ஃபர்னஸ், அதாவது 17 கிலோவாட்டுக்கும் மேலான ஒன்று, நின்றுகொண்டிருக்கும். லேபிளை நம்பியிருந்தால் நிலத்தை இரண்டு பங்கு தோண்டியிருப்பார்கள்.

இன்னொரு வழியிலும் சரிபார்த்துவிட வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். சுவர்ப் பரப்பு 150 சதுர மீட்டர், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் டிகிரிக்கு 0.4 வாட் போகிறது என்றால் 60 வாட். ஜன்னல்கள் 24 சதுர மீட்டர், இரட்டைக் கண்ணாடி, 2 வாட் வீதம் 48. அட்டிக் வழியாக 15. பேஸ்மென்ட் சுவர், தரை எல்லாம் சேர்த்து 25. மீதி, காற்றுக் கசிவு. வீட்டின் கொள்ளளவு 450 கன மீட்டர், மணிக்கு அதில் 35 சதவீதக் காற்று வெளிக்காற்றோடு மாறுகிறது என்றால் டிகிரிக்கு 52 வாட். மொத்தம் 200. கேஸ் பில் சொன்ன 194-க்கு இது பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டு கணக்கும் இப்படிக் கைகோத்தால் அந்த எண்ணை நம்பலாம். 30, 40 சதவீதம் விலகி நின்றால் எங்கோ ஒரு சுவரையோ ஒரு ஜன்னலையோ தவறாக நினைத்திருக்கிறீர்கள். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக்கூடாது.

இந்தப் பட்டியலில் காற்றுக் கசிவின் பங்கைக் கவனியுங்கள்: மொத்த இழப்பில் கால்வாசி. அட்டிக் கதவின் விளிம்பு, சுவரும் அஸ்திவாரமும் சேரும் இடம், மின் பெட்டிகளின் பின்புறம் ஆகியவற்றை அடைத்து 35 சதவீதத்தை 20 ஆக்கினால் டிகிரிக்கு 22 வாட் மிச்சம். மைனஸ் 20 இரவில் அது கிட்டத்தட்ட 0.9 கிலோவாட். சில டியூப் சீலன்ட்டுக்கும் ஒரு வார இறுதிக்கும் கிடைக்கும் இந்த 0.9 கிலோவாட்டை மண்ணிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், மண்ணைப் பொறுத்து இன்னும் 30 முதல் 70 சதுர மீட்டர் நிலத்தைத் தோண்ட வேண்டும். வீட்டை இறுக்கிய பிறகே இயந்திரம் வாங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இயந்திரத்தின் அளவைக் கடையில் 'டன்' கணக்கில் சொல்வார்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., சுமார் 3.5 கிலோவாட். ஆனால் 3 டன் என்று எழுதியிருப்பதால் குளிர்காலத்தில் 10.5 கிலோவாட் வந்துவிடாது. அந்தப் பெயர் குளிரூட்டும் திறனை வைத்துச் சூட்டியது. தயாரிப்பாளரின் அட்டவணையில், உள்ளே வரும் நீர் 0 டிகிரியாக இருக்கும்போது எவ்வளவு வெப்பம் தருகிறது என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 3 டன் இயந்திரம் 8 கிலோவாட்டைச் சுற்றித்தான் நிற்கும். நம் வீட்டுக்கு அது போதும். 2.5 டன் வாங்கி, ஆண்டில் சில நாட்களே வரும் கடுங்குளிருக்கு மட்டும் ஒரு மின் ஹீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்வதும் நல்ல முடிவுதான். உச்சத் தேவையில் முக்கால் பங்கை ஈடுகட்டும் இயந்திரமே ஆண்டு முழுவதற்குமான வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தந்துவிடும்.

மண் எவ்வளவு கொடுக்கும்?

8 கிலோவாட்டும் மண்ணிலிருந்து வர வேண்டியதில்லை. சி.ஓ.பி. 3.5 என்றால் 2.3 கிலோவாட் மின்சாரமாகவே வந்துவிடும். மண் தர வேண்டியது 5.7 கிலோவாட்.

இதற்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை உங்கள் மண்தான் முடிவு செய்யும். ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 4640 வழிகாட்டி, கிடைமட்டமாகக் குழாய் பதிக்கும்போது உலர்ந்த மணலிலிருந்து சதுர மீட்டருக்கு 8 முதல் 10 வாட் மட்டுமே எடுக்கச் சொல்கிறது. ஈரமான களிமண்ணில் 16 முதல் 30 வாட் வரை. நீர் ஊறிய மணலில் 32 முதல் 40. ஒரே வீடு, ஒரே இயந்திரம். களிமண் பூமியில் 20 வாட் வீதம் எடுத்தால் 285 சதுர மீட்டர் போதும். உலர்மணலில் 9 வாட் வீதம் 630 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். மணலின் துகள்களுக்கு நடுவே நீர் இருந்தால் வெப்பம் கடக்கும், வெறும் காற்று இருந்தால் தடுக்கும். எனவே எந்த முடிவுக்கும் முன்னால், குழாய் போகப்போகும் ஆழத்துக்கு இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டிப் பாருங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பிசையுங்கள். உருண்டையாக நிற்கிறதா, உதிர்கிறதா? கோடைக் கடைசியில் பார்ப்பது இன்னும் நல்லது. அப்போதும் ஈரம் இருந்தால் குளிர்காலத்திலும் இருக்கும்.

நிலத்தில் குழாயைக் குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது முதல் டிசம்பரில் தெரியாது. இயந்திரம் நன்றாகவே ஓடும். ஜனவரி முடியும்போது குழாயைச் சுற்றியுள்ள மண் சில்லிட்டு, வரும் நீர் மைனஸுக்குப் போகும். நீர் குளிரக் குளிர இயந்திரம் தரும் வெப்பமும் குறையும், சி.ஓ.பி.யும் இறங்கும். பற்றாக்குறைக்கு மின் ஹீட்டர் தானாக ஓடத் தொடங்கும். பிப்ரவரி பில்லைப் பார்த்து இயந்திரத்தைத் திட்டுவார்கள். குற்றம் மண்ணுக்குள் இருக்கும். செலவைக் குறைக்க வேறு எங்கு வேண்டுமானாலும் கை வையுங்கள், குழாயின் நீளத்தில் மட்டும் வேண்டாம்.

டொரண்டோவின் ஸ்கார்பரோ மாதிரி இடங்களில் இருக்கும் சாதாரண மனைகளில் வீடும் டிரைவ்வேயும் போக 285 சதுர மீட்டர் மிஞ்சுவது அரிது. அப்படிப்பட்டவர்களுக்கு, மைனஸ் 25 வரை தாக்குப்பிடிக்கும் வெளிக்காற்று ஹீட் பம்புகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றையே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நிலமே இல்லாத இடத்தில் நிலத்தடிக் கனவை வளர்ப்பது வீண் செலவில் முடியும். மாறாக, வீட்டுக்குப் பக்கத்தில் 3 மீட்டர் ஆழமுள்ள ஒரு நல்ல குளம் இருந்தால் அது அதிர்ஷ்டம். நீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். ஆகவே மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் ஏறக்குறைய 4 டிகிரி நீர் தங்கியிருக்கும். குழாய்ச் சுருளை அடியில் இறக்கிவிட்டால் பெரும்பாலான தோண்டல் மிச்சம்.

போர் போடுவதை நிபுணரிடம் விடுங்கள்

நிலம் குறைவானால் செங்குத்தாகத் துளையிடலாம். ஒரு டன்னுக்கு 45 முதல் 60 மீட்டர் ஆழம் என்பது வட அமெரிக்காவில் முதல் மதிப்பீடாகச் சொல்லும் கணக்கு. ஸ்வீடன் இதில் முன்னோடி. 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் பாடம் படித்த அந்த நாட்டில் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலத்தடி ஹீட் பம்புகள் ஓடுகின்றன. காலடியில் கிரானைட் பாறை. 150, 200 மீட்டர் துளையிட்டால் துளை இடியாமல் நிற்கும், நிலத்தடி நீரே அதை நிரப்பி வெப்பத்தைக் கடத்தும். ஆனால் அங்கும் துளையிடுவது போர்வெல் நிறுவனம்தான், அதுவும் நகராட்சியின் அனுமதியோடு.

இதில் வீட்டுக்காரர் துணிச்சல் காட்டக் கூடாது என்பதற்கு ஜெர்மனியின் ஷ்டாஃபென் நகரம் சாட்சி. 2007 செப்டம்பரில், அழகாகப் புதுப்பிக்கப்பட்ட நகர மண்டபத்தைச் சூடாக்குவதற்காக 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு துளைகள் போட்டார்கள். செய்தது அனுபவமுள்ள நிறுவனமே. துளை அன்ஹைட்ரைட் என்ற கனிமத்தின் படிவத்தைக் கடந்து போனது. அழுத்தத்தில் இருந்த நிலத்தடி நீர் துளை வழியே அந்தப் படிவத்தில் புகுந்தது. அன்ஹைட்ரைட் நீரைக் குடித்தால் ஜிப்சமாக மாறும், பருமன் சுமார் 60 சதவீதம் கூடும். ஊரே மேலெழத் தொடங்கியது. ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பியது. பழமையான நகரத்தின் 250-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விழுந்தது. பிறகு துளைகளை அடைத்து, நீரை இறைத்துத்தான் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு துளை இரண்டு நிலத்தடி நீர் அடுக்குகளை இணைத்துவிட்டால் பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். ஒன்டாரியோவில் 5 மீட்டருக்கும் ஆழமான செங்குத்து அமைப்புகளுக்கு 2012 முதல் மாகாணத்தின் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அந்த விதியைத் தொந்தரவாக நினைக்கக் கூடாது.

ஆகவே தானே செய்ய நினைப்பவருக்கு உரியது கிடைமட்டப் பள்ளம்.

பள்ளத்துக்குள் இறங்காதீர்கள்

தெற்கு ஒன்டாரியோவில் உறைபனி 1.2 மீட்டர் வரை இறங்கும் என்று கட்டடக்காரர்கள் கணக்கு வைக்கிறார்கள். குழாய் அதற்குக் கீழே, 1.8 மீட்டரில் போக வேண்டும். அந்த ஆழம் ஒரு மனிதனை மூடப் போதுமானது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் கனக்கும். பக்கச் சுவர் சரிந்தால் மார்பு வரை புதைந்தவர்கூட மூச்சை இழுக்க முடியாமல் இறந்துபோவார். சரிவதற்கு முன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. அமெரிக்காவில் 1.5 மீட்டருக்கும், ஒன்டாரியோவில் 1.2 மீட்டருக்கும் ஆழமான பள்ளத்தில் முட்டுக்கொடுக்காமல் தொழிலாளியை இறக்குவதைச் சட்டம் தடுக்கிறது. சொந்த வீட்டில் அந்தச் சட்டம் வந்து கேட்காமல் இருக்கலாம். மண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதற்கு வழி இருக்கிறது. வாடகைக்கு எக்ஸ்கவேட்டர் எடுத்து, குறுகிய ஆழமான பள்ளத்துக்குப் பதிலாக, பக்கங்களைச் சரிவாக வெட்டிய அகலமான குழியைத் தோண்டலாம். குழாய்ச் சுருள்களை மேலேயே விரித்துக் கட்டி, கயிற்றால் இறக்கலாம். தோண்டிய மண்ணைக் குறைந்தது 60 சென்டிமீட்டராவது விளிம்பிலிருந்து தள்ளிக் குவிக்க வேண்டும். மழைக்கு மறுநாள் வேலை வேண்டாம். தோண்டும் முன் அமெரிக்காவில் 811 என்ற எண்ணுக்கும், ஒன்டாரியோவில் ஒன்டாரியோ ஒன் கால் சேவைக்கும் சொன்னால், நிலத்துக்கடியில் கேஸ், மின், டெலிபோன் இணைப்புகள் போகும் தடத்தை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். செப்டிக் டேங்கின் குழாய்கள் எங்கே போகின்றன என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

குழாய், ஒட்டு, காற்று

மண்ணுக்குள் போக வேண்டியது எச்.டி.பி.இ. குழாய், பொதுவாக முக்கால் அங்குலம். வெப்பம் கொடுத்து உருக்கி ஒட்டினால் ஒட்டும் குழாயும் ஒன்றாகிவிடும். கிளாம்பு போட்ட இணைப்போ திருகு இணைப்போ மண்ணுக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உருக்கும் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். சாக்கெட் ஒட்டுக்கு அதன் முகம் சுமார் 260 டிகிரியில் இருக்க வேண்டும். குழாய் முனையைத் துடைத்து, சொல்லப்பட்ட நொடிகள் சூடாக்கி, ஒரே மூச்சில் சேர்த்து, ஆறும்வரை அசைக்காமல் பிடிக்க வேண்டும். முதலில் துண்டுக் குழாய்களில் பழகுங்கள். ஒட்டிய துண்டை நீளவாக்கில் அறுத்து உள்ளே பாருங்கள். உருகிய பிளாஸ்டிக் உள்ளே பிதுங்கி வழியை அடைத்திருந்தால் சூடு அதிகம். அறுத்துப் பார்த்த ஒட்டுகள் எல்லாம் சுத்தமாக வந்த பிறகே உண்மைக் குழாயைத் தொட வேண்டும். இந்த ஒரு கைத்திறனில் பொறுமை காட்டுகிறவருக்கு மிச்ச வேலை எல்லாம் வசப்படும்.

நம் வீட்டுக்குத் தோராயமாக மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றும் 180 மீட்டர். மூன்றும் சம நீளமாக இருந்தால்தான் நீர் சமமாகப் பிரியும். மண்ணை மூடும் முன் குழாயை அழுத்தத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். மூடும்போதும் அழுத்தமானி இணைந்தே இருக்கட்டும். எக்ஸ்கவேட்டரின் பல் பட்டாலோ கூர்கல் குத்தினாலோ முள் அந்த நொடியே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். குழாயின் மேல் முதல் அரை அடிக்குக் கல்லில்லாத மண்ணையோ மணலையோ கையால் பரப்புங்கள். மூடும் முன் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் டேப் பிடித்து அளந்து, வரைபடம் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது காற்று. குழாயில் சிக்கிய காற்றும் மண்துகளும் வெளியேற, ஒவ்வொரு சுற்றிலும் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். மூன்று சுற்றுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு சுமார் 40 லிட்டர். காற்று அடைத்த குழாயில் அவ்வளவு நீரைத் தள்ள வீட்டின் சிறு பம்புக்குத் திராணி போதாது. ஒன்றரை, இரண்டு ஹெச்.பி. பம்ப் பூட்டிய ஃப்ளஷ் கார்ட்டை வாடகைக்கு எடுங்கள். தொட்டியில் குமிழி வருவது நின்ற பிறகும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதன் பின் உறையாமல் இருப்பதற்கான திரவம். புரோப்பிலீன் கிளைக்கால் பாதுகாப்பானது. சில இடங்களில் எத்தனாலும் அனுமதிக்கப்படுகிறது. காரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், மண்ணுக்குள் அதற்கு இடமில்லை.

பேஸ்மென்ட்டில் நடப்பது

மண்ணுக்குள் பிளாஸ்டிக் குழாயும் உறையாத நீரும் மட்டுமே இருப்பதால்தான் இந்த முறை வீட்டுக்காரர் கைக்கு எட்டுகிறது. குளிர்பதன வாயு தொழிற்சாலையிலேயே இயந்திரத்துக்குள் அடைத்து முத்திரையிடப்பட்டு வருகிறது. அதைத் தொட அமெரிக்காவில் இ.பி.ஏ. 608 சான்றிதழும், கனடாவில் ஓ.டி.பி. அட்டையும் வேண்டும். பரவலாக ஓடும் ஆர்-410ஏ வாயு, கார்பன் டை ஆக்சைடைப்போல் 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது. கசியவிட்டால் இத்தனை உழைப்பின் பயனும் காற்றில் போகும். அதனால் முழுமையாக அடைத்து வரும் ஒற்றைப் பெட்டி இயந்திரத்தையே தேர்ந்தெடுங்கள். வாங்கும் முன் வாரன்ட்டி வாசகங்களை வரிவரியாகப் படியுங்கள். அங்கீகரிக்கப்பட்டவர் பொருத்தாவிட்டால் பல தயாரிப்பாளர்கள் பொறுப்பேற்பதில்லை. சிலர் வீட்டுக்காரருக்கு நேரடியாக விற்பதே இல்லை. மின் இணைப்பைச் சொந்த வீட்டில் நீங்களே செய்ய ஒன்டாரியோ அனுமதிக்கிறது, ஆனால் மின் பாதுகாப்பு ஆணையத்திடம் அனுமதி பெற்று, ஆய்வுக்குக் காட்ட வேண்டும். மின் வேலையில் பழக்கம் இல்லாதவர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது.

பலர் கவனிக்காத இடம் காற்றுக் குழாய், அதாவது டக்ட். கேஸ் ஃபர்னஸ் 50 டிகிரிக்கு மேல் சூடான காற்றை அனுப்பும். ஹீட் பம்ப் 35 முதல் 40 டிகிரிதான். அதே வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுசேர்க்க அதிகக் காற்று வேண்டும்: டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி, 3 டன்னுக்கு 1,200. பழைய டக்ட் குறுகலாக இருந்தால் காற்று சீறும், தூரத்து அறை குளிரும். இயந்திரத்தைச் சுமந்து வரும் முன் டக்ட்டின் குறுக்களவை அளந்துவிடுங்கள். பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முன்பே சொல்லியும் வையுங்கள்: கிரில்லின் மேல் கையை வைத்தால் பழையபடி சுடாது. அறை சூடாக இருந்தாலே இயந்திரம் சரியாக ஓடுகிறது. இரவில் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, காலையில் ஏற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். ஏற்றும்போது மின் ஹீட்டர் முந்திக்கொண்டு ஓடி, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

முதல் குளிர்காலம்

இயந்திரத்துக்குள் போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பமானி வையுங்கள். 3 டன்னுக்கு நிமிடத்துக்கு 34 லிட்டர் நீர் ஓட வேண்டும். இரண்டு வெப்பமானிக்கும் வித்தியாசம் 2.5 டிகிரி என்றால், 34-ஐ 2.5-ஆல் பெருக்கி 0.067-ஆல் பெருக்குங்கள். வருவது 5.7. பேப்பரில் மண்ணிடம் கேட்ட அதே 5.7 கிலோவாட். வித்தியாசம் 5, 6 டிகிரி என்று காட்டினால் நீர் போதவில்லை. காற்றோ அழுக்கோ எங்கோ அடைத்திருக்கிறது.

இந்த வீடு ஆண்டுக்குத் தேவைப்படும் 17,200 யூனிட் வெப்பத்துக்கு இனி சுமார் 4,900 யூனிட் மின்சாரமும், அதோடு பம்ப் ஓடும் செலவும். முன்பு எரித்த 1,800 கன மீட்டர் கேஸிலிருந்து புகைபோக்கி வழியே வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு 3.4 டன். ஒன்டாரியோவின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணுமின்னும் நீர்மின்னும் என்பதால் அதில் மிகச் சிறு பங்கே திரும்ப வரும். என்னைப் பொறுத்தவரை கேஸ் பில் குறைவதைவிட இந்த 3.4 டன் பெரிய காரணம்.

உள்ளே வரும் நீரின் வெப்பநிலையை வாரம் ஒரு தடவை குறித்துக்கொண்டே வாருங்கள். நவம்பரில் 10 டிகிரி காட்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் மெல்ல இறங்கும். கடைசி அடி பிப்ரவரி இறுதிக்கும் மார்ச் மத்திக்கும் இடையில் வரும். மேலே வெயில் வந்த பிறகும் குளிர் 1.8 மீட்டர் ஆழத்துக்கு மெதுவாகவே இறங்குகிறது. அந்த வாரங்களில் நீர் 0 டிகிரியை ஒட்டி நின்றால் கணக்கும் மண்ணும் பொருந்தியிருக்கின்றன. மைனஸ் 3, 4 என்று போனால் அடுத்த குளிர் வருவதற்குள் வீட்டின் கசிவுகளை இன்னும் அடைக்க வேண்டும், அல்லது ஒரு சுற்றைக் கூட்ட வேண்டும். மூன்று சுற்றுகளும் சேரும் தலைக்குழாயில் நான்காவதுக்கு ஒரு கிளையை மூடி வைத்து, அதன் இடத்தை வரைபடத்தில் குறித்திருந்தால், முற்றம் முழுவதையும் புரட்டாமல் அந்த மூலையை மட்டும் திறந்து வேலையை முடித்துவிடலாம்.